தூக்கமின்மைக்கு மருந்தில்லாச் சிகிச்சை: ஆய்வுக்கு எதை எடுப்பது?

நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவம் சொல்வது இரண்டு நாள் கண் கொட்டாமல் கிடந்ததை அல்ல. படுத்தால் தூக்கம் வருவதில்லை, வந்தாலும் நடுச்சாமத்தில் கலைந்துவிடுகிறது, அல்லது விடியுமுன்பே விழிப்பு தட்டிவிடுகிறது. இது வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும். தூங்குவதற்கு நேரமும் இடமும் இருந்தும் நீடிக்க வேண்டும். அதன் விளைவு மறுநாள் பகலில் சோர்வாகவோ எரிச்சலாகவோ மறதியாகவோ தெரிய வேண்டும். இந்த வரையறையைக் கறாராக வைத்துக்கொண்டால், "எனக்கும் தூக்கமில்லை" என்று சொல்லும் பலர் ஆய்வுக்குள் வரமாட்டார்கள். காந்தி மார்க்கெட்டில் இரவு லாரியிலிருந்து மூட்டை இறக்குபவருக்கும், திருவெறும்பூர் பெல் ஆலையில் ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பவருக்கும், ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்கு இருட்டோடு வந்து சேரும் வியாபாரிக்கும் தூக்கம் குறைவுதான். ஆனால் அது வேலை நேரத்தால் வந்த குறைவு. அதற்கு வைத்தியம் வேறு.

குறட்டை விட்டு நடுவே மூச்சு நின்று எழுபவர், காலில் இனம் தெரியாத குடைச்சலால் படுக்க முடியாதவர், மனச்சோர்வில் இருப்பவர், தைராய்டு கோளாறு உள்ளவர் ஆகியோரை முதலில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இரவில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்து போகும் பெரியவருக்கு, மாலையில் போடும் நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்பதே முதல் சிகிச்சை. இவர்களைப் பிரிக்காமல் எல்லோரையும் ஒரே பட்டியலில் சேர்த்துத் தொடங்கும் ஆய்வு, பிறகு எவ்வளவு கவனமாக நடந்தாலும் தேறாது.

திருச்சியில் இந்தத் தலைப்பை அதிகம் எடுப்பவர்கள் எம்.எஸ்சி. நர்சிங் மாணவிகள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அந்த இரண்டாண்டுப் படிப்பில் ஆய்வேடு கட்டாயம். உளவியல், சமூகப்பணி, இயற்கை மருத்துவம் படிப்பவர்களும் இதை நாடுகிறார்கள். ஆய்வுக்கு ஆள் கிடைப்பதும் சுலபம். பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, கடைசிக் காலத்தை அரங்கன் சன்னிதிக்குப் பக்கத்தில் கழிக்கலாம் என்று வந்து தங்கிய முதியவர்கள் ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்கோவிலிலும் நிறைய. முதியோர் இல்லங்களும் உண்டு. இந்தச் சுலபம்தான் யோசிக்காமல் தலைப்பு எடுக்க வைக்கிறது. சீனியர் அக்காவின் ஆய்வேட்டை வாங்கிப் புரட்டி, இல்லத்தின் பெயரை மட்டும் மாற்றி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். "சீக்கிரம் முடியுற மாதிரி ஒண்ணு எடும்மா, முடிச்சிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போடலாம்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வருடம் எந்த எண்ணெய், எந்த மூச்சுப் பயிற்சி செல்போனில் ஓடுகிறதோ அதையே எடுப்பவர்களும் உண்டு.

எந்தச் சிகிச்சை முன்னால் நிற்கிறது என்பதில் உலக அளவில் பெரிய வழக்கு எதுவும் இல்லை. 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியும், 2017-ல் ஐரோப்பியத் தூக்க ஆய்வுச் சங்கமும், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் அறிதிறன் நடத்தைச் சிகிச்சையைத்தான் தரவேண்டும் என்று வழிகாட்டின. மருத்துவமனைகளில் அதைச் 'சிபிடி-ஐ' என்பார்கள். நாலு முதல் எட்டு அமர்வுகள் வரை போகும். படுக்கை நேரத்தைச் சுருக்குதல், படுக்கையையும் விழிப்பையும் பிரித்தல், தசைத் தளர்வு, தூக்கத்தைப் பற்றிய பயங்களைப் பேசித் திருத்துதல், காபி, வெளிச்சம் போன்றவற்றைப் பற்றிய பொதுவான அறிவுரை ஆகியவை அதன் பகுதிகள். 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் சராசரியாக 19 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். நடுவில் விழித்துக் கிடப்பது 26 நிமிடம் குறைந்தது. மொத்தத் தூக்கம் கூடியது மட்டும் எட்டு நிமிடத்துக்கும் குறைவு. முதன்முறை படிக்கும் மாணவர் இந்தக் கடைசி எண்ணில் ஏமாந்துபோவார். ஏமாற வேண்டியதில்லை. சிகிச்சையின் வேலை சிதறிக் கிடக்கும் தூக்கத்தை ஒன்றாகத் திரட்டுவது. நீளம் பிறகு மெல்லக் கூடும்.

முழுச் சிகிச்சையையும் ஒரு மாணவர் தனியாக எடுத்துக்கொள்வது கடினம். பயிற்சி வேண்டும், மேற்பார்வை வேண்டும், மனநல மருத்துவப் பிரிவின் துணை வேண்டும். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் வேலை பார்க்கும் வாய்ப்பு உள்ளவர்கள் அதைத் தாராளமாக எடுக்கலாம். மற்றவர்கள் அதன் ஒரு பகுதியையோ, தனியாக நிற்கும் வேறொரு முறையையோ தேர்ந்தெடுத்துச் சோதிப்பதே நடைமுறை.

அப்படித் தேர்ந்தெடுக்கும்போது அதிகம் பேர் போய் விழும் இடம் வெந்நீர்க் கால்குளியல். முதியோர் இல்லத்தில் 60 பேர். ஒரு இல்லத்தில் 30 பேருக்குக் கால்குளியல், இன்னொரு இல்லத்தில் 30 பேருக்கு ஒன்றும் இல்லை. ஏழு நாளோ பதினான்கு நாளோ, தினம் 20 நிமிடம். முன்னும் பின்னும் ஒரு கேள்வித்தாள். முடிவில் தூக்கத்தின் தரம் கூடியது என்று ஓர் அட்டவணை. தமிழ்நாட்டு நர்சிங் கல்லூரி நூலகங்களில் இந்த வடிவத்தில் அடுக்கடுக்காக ஆய்வேடுகள் உண்டு. கால்குளியலுக்குப் பதில் முதுகு நீவுதல், லாவெண்டர் எண்ணெய், உள்ளங்கை அக்குபிரஷர் என்று பெயர் மாறும். கட்டமைப்பு மாறாது.

கால்குளியலுக்குப் பின்னால் அறிவியலே இல்லை என்று சொல்ல முடியாது. 1999-ல் நேச்சர் இதழில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள், கை கால்களின் தோல் சூடாக இருப்பவர்கள் விரைவில் தூங்கிப்போகிறார்கள் என்று காட்டினார்கள். தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து உடலின் உள்வெப்பம் வெளியேறுகிறது. உள்வெப்பம் இறங்குவதும் தூக்கம் வருவதும் சேர்ந்து நடக்கின்றன. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் 40 டிகிரியை ஒட்டிய வெந்நீர், தூக்கம் வரும் நேரத்தைக் குறைக்கிறது என்று 2019-ல் ஒரு தொகுப்பாய்வும் சொன்னது. ஆனால் சுவிட்சர்லாந்தில் கால் சில்லிட்டுக் கிடக்கும். திருச்சியில் மே மாத இரவில் வெப்பம் 27 டிகிரியில் வந்து நின்றுவிடும். மொட்டை மாடித் தரைகூட ஆறியிருக்காது. ஏற்கெனவே சூடாக இருக்கும் பாதத்தை இன்னும் சூடாக்கி என்ன நடக்கும் என்ற கேள்வியை ஆய்வேடுகள் கேட்பதில்லை. மேலும் இந்த முறை முக்கியமாகத் தொடுவது தூக்கம் வரும் அந்த ஆரம்ப நேரத்தைத்தான். முதியவர்களின் பெரிய குறை இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வது. கால்குளியல் முடிந்து அதற்குள் ஆறு மணி நேரம் ஆகியிருக்கும்.

ஆபத்தும் உண்டு. நீண்ட காலச் சர்க்கரை நோயால் பாத நரம்பு கெட்டவருக்குச் சூடு தெரியாது. வாளியில் தண்ணீர் கொதிக்கிறதா, வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று அவர் காலால் சொல்ல முடியாது. கொப்புளம் வந்து புண்ணானால் அது ஆறுவதற்கு மாதங்கள் ஆகலாம். முதியோர் இல்லத்தில் சர்க்கரை நோயாளிகள் இல்லாத அறை அரிது. அவர்களை விலக்கினால் ஆள் குறையும், விலக்காவிட்டால் விபத்து. இந்த ஒரு காரணமே தலைப்பை மறுபடி யோசிக்கப் போதுமானது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வகை ஆய்வில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. சாயங்காலம் ஏழு மணி. நீலப் பிளாஸ்டிக் வாளி, தண்ணீரின் சூட்டை அளக்கும் வெப்பமானி, தோளில் துண்டு. பேத்தி வயதுப் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்து ஒரு பாட்டியின் காலைத் தூக்கித் தண்ணீரில் வைக்கிறாள். ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, இன்று சாப்பாடு எப்படி என்று கேட்டுக்கொண்டே துடைத்து விடுகிறாள். அந்தப் பாட்டியின் காலை யாராவது தொட்டு எத்தனை வருடம் ஆகியிருக்குமோ. பதினான்காம் நாள் அதே பெண் கேள்வித்தாளோடு வந்து, "இப்போ தூக்கம் எப்படிம்மா?" என்று கேட்கும்போது, "நல்லா தூங்குறேன் கண்ணு" என்பதைத் தவிர அந்தப் பாட்டி வேறென்ன சொல்வார்? அவள் நல்ல மார்க் வாங்க வேண்டும் என்ற அன்பு அந்தப் பதிலில் இருக்கிறது. இன்னொரு இல்லத்தில் இருந்த 30 பேரிடம் யாரும் வந்து உட்காரவில்லை, பேசவில்லை. இரண்டு குழுவுக்கும் இடையே தெரிந்த வித்தியாசம் வெந்நீராலா, துணையாலா, பாசத்தாலா? மூன்றையும் ஒரே வாளியில் போட்டுவிட்டு வெந்நீருக்குப் பெயர் எழுதுகிறது ஆய்வேடு.

கேள்வித்தாளிலும் ஒரு பிழை தொடர்ந்து வருகிறது. பெரும்பாலோர் எடுப்பது 1989-ல் வந்த பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோல். அது கேட்பது கடந்த ஒரு மாதத் தூக்கத்தை. ஏழு நாள் சிகிச்சைக்குப் பிறகு அதைக் கொடுத்தால், பதிலில் முக்கால் பங்கு சிகிச்சைக்கு முந்தைய நாள்களைப் பற்றியதாக இருக்கும். அதில் பெரிய முன்னேற்றம் தெரிகிறது என்றால், பதில் சொன்னவர் கேள்வியைப் பின்பற்றவில்லை என்றுதான் பொருள். கைடும் தேர்வாளரும் இதைக் கேட்காமல் விட்டுவிடுவதால் அடுத்த வருட மாணவியும் அதையே எடுக்கிறாள். கால்குளியல் முதியவர்களுக்கு இதமானது. இல்லங்களில் பாதுகாப்பாகச் செய்தால் வரவேற்கலாம். ஆய்வுத் தலைப்பாக அதை எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது.

மற்ற வழிகளுக்கு வரலாம். தூக்கச் சுகாதாரம் என்ற பெயரில் தரப்படும் அறிவுரைப் பட்டியல், அதாவது மாலைக்குப் பிறகு காபி வேண்டாம், செல்போன் வேண்டாம், பகல் தூக்கம் வேண்டாம் என்பது, தனியாக நின்று நாள்பட்ட தூக்கமின்மையைச் சரிசெய்யாது. 2021-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் இதைத் தனிச் சிகிச்சையாகத் தரவேண்டாம் என்றே பரிந்துரைத்தது. நல்ல ஆய்வுகளில் இது ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுக்கப்படுகிறது. அதற்கு அது பொருத்தம்.

தசைத் தளர்வுப் பயிற்சியை எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களிலேயே எழுதிவைத்தார். கை முதல் கால் வரை ஒவ்வொரு தசையாக இறுக்கி விடுவது. கற்றுக்கொடுப்பது எளிது, ஆபத்து குறைவு, பலன் மிதமானது. இரண்டாம் தேர்வாக எப்போதும் வைத்துக்கொள்ளலாம்.

இசை கேட்பதற்கும் சான்று இருக்கிறது. 13 ஆய்வுகளைப் பார்த்த 2022-ன் காக்ரேன் தொகுப்பாய்வு, இசை கேட்டவர்கள் தங்கள் தூக்கம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள் என்றது. நீலாம்பரி தாலாட்டு ராகம் என்ற நம்பிக்கை இங்கே வலுவாக உள்ளதால், அந்த ராகத்தைத் தலைப்பில் போட மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். இரவில் வீணை இசையோடு பெருமாள் மூலஸ்தானம் சேரும் ஊரில் அந்த ஆசை இயல்புதான். ஆனால் நீலாம்பரிக்கென்று தனிக் குணம் உண்டா என்று அறிய, அதே வேகத்தில், அதே வாத்தியத்தில் வேறொரு ராகத்தை ஒப்பீட்டுக் குழு கேட்க வேண்டும். அதைச் செய்யத் தயாராக இருப்பவர் எடுக்கட்டும்.

யோகாவுக்கு இந்தியாவிலேயே மதிக்கத்தக்க ஆய்வுகள் உண்டு. பெங்களூரில் மஞ்சுநாத்தும் ஷெர்லி டெல்லஸும் 2005-ல் வெளியிட்டது முதியோர் இல்லத்தில் நடந்தது என்பதால் திருச்சி மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டியது. 69 பேரை யோகா, ஆயுர்வேத மூலிகை மருந்து, காத்திருப்புப் பட்டியல் என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஆறு மாதம் நடத்தினார்கள். யோகா குழுவுக்குத் தூக்கம் வரும் நேரம் சுமார் பத்து நிமிடம் குறைந்தது, மொத்தத் தூக்கம் ஒரு மணி நேரம் வரை கூடியது. கவனிக்க வேண்டியது அந்த ஆறு மாதம். யோக நித்திரையைப் பொறுத்தவரை, புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியின் கருணா தத்தா குழுவினர் 41 நோயாளிகளைக் கொண்டு 2021-ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. அவர்கள் யோக நித்திரையை ஒன்றும் செய்யாமல் இருப்பதோடு ஒப்பிடவில்லை. சிபிடி-ஐயோடு நேருக்கு நேர் வைத்தார்கள். இரண்டு குழுவிலும் தூக்கம் மேம்பட்டது. அறிதுயில் கொண்ட பெருமாளின் ஊரில் யோக நித்திரை என்றதும் முதியவர்கள் ஆர்வத்தோடு வருவார்கள். ஆர்வம் ஆள் சேர்க்க உதவும், எதிர்பார்ப்பைக் கூட்டி முடிவைக் கலைக்கவும் செய்யும். மேலும் யூடியூப் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு அறையை விட்டுப் போவது யோக நித்திரை ஆய்வு ஆகாது. முறையாகக் கற்றவர் நேரில் நடத்த வேண்டும். தினமும் தானே பயிலாத மாணவர் இதை எடுக்காமல் இருப்பது நல்லது.

சிரோதாரை இப்போது சொகுசு விடுதிகளின் விளம்பரத்தில் வரும் அளவுக்குப் பெயர் வாங்கிவிட்டது. நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடும் அந்தச் சிகிச்சைக்குத் தூக்கமின்மையில் உள்ள சான்று சிறிய அளவிலானது. செலவும் ஆள்பலமும் ஒரு மாணவரின் கைக்கு மீறியவை.

மீதி இருப்பவை இரண்டு. பலன் நிரூபிக்கப்பட்டவை, செலவில்லாதவை, ஆனாலும் மாணவர்கள் திரும்பிப் பார்க்காதவை. முதலாவது, படுக்கையையும் விழிப்பையும் பிரிக்கும் முறை. ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் வகுத்தது. தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, கால் மணி நேரம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் போவது, தூக்கம் வந்தபின் திரும்புவது, படுக்கையில் படிப்பதோ கவலைப்படுவதோ கூடாது என்பது, எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுவது, பகலில் தூங்காதது. காலையில் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவைத்த வீடுகளில் இதில் பாதி தானாகவே நடந்தது. இப்போது கட்டிலே நாள் முழுக்க உட்காருமிடமாகவும், டிவி பார்க்குமிடமாகவும், சாப்பிடுமிடமாகவும் ஆகிவிட்டது. இல்லங்களில் ஒவ்வொருவருக்கும் கிடைத்த சொந்த இடம் அந்தக் கட்டில் மட்டும்தான். ஆகவே எழுந்து எங்கே போவது என்ற கேள்விக்கு வழி செய்யாமல் இந்த ஆய்வைத் தொடங்கக் கூடாது. வராண்டாவில் இரண்டு நாற்காலி, ஒரு மங்கலான விளக்கு, வழுக்காத தரை ஆகியவை ஆய்வின் கருவிகளில் சேரும்.

இரண்டாவது, ஆர்தர் ஸ்பீல்மன் 1987-ல் வெளியிட்ட படுக்கை நேரச் சுருக்கம். தேர்வு ஒன்றே ஒன்று என்றால் இதைத்தான் பரிந்துரைக்க வேண்டும். ஒன்பது மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும் ஒருவர் எட்டரை மணி நேரம் படுக்கையில் இருக்கிறார். அதில் தூங்குவது ஐந்தரை மணி நேரம் என்று நாட்குறிப்பு சொல்கிறது. படுக்கையில் கழிந்த நேரத்தில் தூக்கம் 65 சதவீதம்தான். அவரைப் பதினொன்றரை மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழச் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை கணக்குப் பார்த்து, தூக்கம் 85 சதவீதத்தைத் தாண்டினால் படுக்கை நேரத்தில் கால் மணி நேரம் கூட்டலாம். எவருக்கும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. இதன் அடிப்படை ஸ்ரீரங்கத்தில் எல்லோருக்கும் பழக்கமானது. வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழித்தவர்கள் துவாதசிப் பகலில் தூங்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பார்கள். அப்படிப் பகலைக் கடத்தியவருக்கு அன்றிரவு தலையணையில் தலை பட்டதுதான் தெரியும். விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத் தூக்கத்துக்கான அழுத்தம் மூளையில் ஏறுகிறது. அந்த அழுத்தத்தை மாலையிலேயே படுத்து வீணாக்காமல் காப்பதே சிகிச்சை.

இங்கிலாந்தில் 642 பேரைக் கொண்டு நடந்து 2023-ல் லான்செட்டில் வெளியான ஆய்வில் இந்தச் சிகிச்சையைக் கொடுத்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலைய நர்சுகள். தூக்க நிபுணர்கள் அல்லர். நாலு சிறிய அமர்வுகள்தான். இரண்டு குழுவுக்கும் தூக்கச் சுகாதாரக் கையேடு கொடுக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது தூக்கமின்மைத் தீவிர அளவுகோலில் (எண் குறைந்தால் நல்லது) சிகிச்சைக் குழு 10.9, மற்றது 13.9. நர்சிங் மாணவிக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடைக்காது. எச்சரிக்கைகளும் உண்டு. வலிப்பு நோய், இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கு இது கூடாது. ஆட்டோ, பஸ், லாரி ஓட்டுபவர்களுக்குக் கூடாது. தடுமாறி விழும் முதியவர்களை விலக்க வேண்டும். எட்டரைக்கு விளக்கணைக்கும் இல்லத்தில் வார்டனின் ஒப்புதல் இல்லாமல் ஒரு நாள்கூட நடத்த முடியாது.

அளப்பதற்கு இரண்டு போதும். காலையில் எழுந்ததும் எழுதும் தூக்க நாட்குறிப்பு ஒன்று. எழுத முடியாதவரிடம் கேட்டு எழுதலாம். கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லக் கூடாது, தோராயமே வேண்டும். சிகிச்சைக்கு முன் இரண்டு வாரம் சும்மா எழுதவைத்து அதை அடிநிலையாகக் கொள்ள வேண்டும். மற்றொன்று தூக்கமின்மைத் தீவிர அளவுகோல். ஏழு கேள்வி, 28 மதிப்பெண், 15-ஓ அதற்கு மேலோ என்றால் சிகிச்சை தேவைப்படும் நிலை. அது கேட்பது கடந்த இரண்டு வாரத்தை, ஆகவே குறுகிய ஆய்வுக்கும் பொருந்தும். கையில் கட்டும் கடிகாரங்கள் காட்டும் 'ஆழ்தூக்க' எண்களை நம்பி எழுத வேண்டாம். அந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்பட்டே தூக்கம் கெட்டவர்களைப் பற்றி 2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு எந்தச் சிகிச்சையையும் நல்லதாகக் காட்டும். தூக்கம் மிக மோசமான வாரத்தில்தான் மனிதர்கள் சிகிச்சைக்குச் சம்மதிக்கிறார்கள். அதன்பின் எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் சீராகும். இரண்டு இல்லங்களை இரண்டு குழுவாக வைப்பதும் சரியல்ல. ஒன்றில் கொசு அதிகம், ஒன்றில் மின்விசிறி ஓடாது, ஒன்றில் இரவுச் சாப்பாடு ஆறரைக்கே முடிந்துவிடும். வீடுகளில் தனியாக வசிக்கும் முதியவர்களைச் சேர்த்து, மூடிய உறையால் குழு பிரிப்பது சிறந்தது. ஒப்பீட்டுக் குழுவினரையும் அதே எண்ணிக்கையில் போய்ப் பார்க்க வேண்டும், அதே அளவு பேச வேண்டும். கடைசிக் கேள்வித்தாளை, யார் எந்தக் குழு என்று தெரியாத இன்னொரு மாணவி கேட்க வேண்டும். பாட்டியின் அன்பை ஆய்விலிருந்து விலக்கிவைக்க இதைவிட எளிய வழி இல்லை.

எண்ணிக்கைக்கும் கணக்கு உண்டு. தூக்கமின்மைத் தீவிர அளவுகோலில் இரண்டு குழுவுக்கும் இடையே மூன்று மதிப்பெண் வித்தியாசத்தை எதிர்பார்த்து, திட்ட விலக்கம் ஐந்து என்று கொண்டால், வழக்கமான 80 சதவீதப் புள்ளியியல் திறனுக்குக் குழுவுக்கு 44 பேர் வேண்டும். நடுவில் விலகுபவர்களையும் கணக்கில் சேர்த்தால் 50. முப்பது முப்பது என்பது பழக்கத்தால் வந்த எண்.

நாள்காட்டியைப் பார்க்காமல் ஸ்ரீரங்கத்தில் தூக்க ஆய்வு தொடங்கக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் அடிநிலை எடுத்து ஆடிக் காற்றில் முடிவெடுத்தால் காற்றுக்குத்தான் வெற்றி. மார்கழியில் நாலரைக்கே ஒலிபெருக்கி, பகல்பத்து, இராப்பத்து என்று வீடே நேரம் மாறிவிடும். அந்த நாள்களை ஒதுக்கிவிட்டுத் திட்டமிட வேண்டும். இரண்டு குழுவும் ஒரே வாரங்களில் ஓடினால் பாதித் தொல்லை தீரும்.

எந்தச் சிகிச்சையை எடுப்பது என்பது எடுப்பவர் எப்படிப்பட்டவர் என்பதையும் பொறுத்தது. பத்து வருடமாக யோகா செய்பவர் யோகாவை எடுக்கட்டும். காதும் ராக ஞானமும் உள்ளவர் இசைக்குப் போகட்டும். கணக்குப் பார்க்கச் சலிக்காதவர், முதியவரிடம் கண்டிப்பையும் கனிவையும் சேர்த்துப் பேசத் தெரிந்தவர் படுக்கை நேரச் சுருக்கத்துக்கு ஏற்றவர். அதில் முதல் பத்து நாள் பலருக்கும் நிலைமை மோசமாகும். "இருந்த தூக்கத்தையும் கெடுத்துட்டியேம்மா" என்று ஒருவராவது சொல்வார். அங்கே பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. மூன்றாம் வாரம் அதே மனிதர் விடியும்வரை தூங்கியதைக் கேட்கக் காத்திருந்தவர்களும் உண்டு. அவசரமாக முடிந்த ஆய்வேடு ஒரு பட்டம் வாங்கித் தரும். தூக்கத்தைப் படிக்க வந்தவருக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் மனம் வேண்டும். பலன் இல்லை என்று வந்தால் அதையும் அப்படியே எழுதும் துணிவு வேண்டும். பெற்றோரும் கைடும் இந்த இடத்தில் மாணவரை விரட்டாமல் இருந்தால் பெரிய உதவி.

அனுமதிகள் தனி வேலை. கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில் வேண்டும். அதன் பிறகு, முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யில் ஆய்வைப் பதிய வேண்டும். 2007-ல் தொடங்கிய அந்தப் பதிவேடு 2018 ஏப்ரல் முதல் முன்கூட்டிய பதிவை மட்டுமே ஏற்கிறது. முதுநிலை ஆய்வேடுகளையும் பதியலாம், கட்டணம் இல்லை. முதன்மை அளவுகோல் எது, எந்த வாரம் அளக்கப்படும் என்பதை அங்கே எழுதிவிட்டால் பின்னால் மாற்ற மனம் வராது. சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், கண் தெரியாதவருக்குச் சாட்சி முன் படித்துக் காட்ட வேண்டும். தூக்க மாத்திரை சாப்பிடுபவரின் அளவை மாணவர் தொடக் கூடாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை முன்பைவிடக் கூடலாம், வலிப்புகூட வரலாம். ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களுக்குக் கடைசி அளவீடு முடிந்ததும் அதே சிகிச்சையைக் கொடுக்க வேண்டும். அதற்கான தேதிகளையும் ஆளையும் நெறிமுறைக் குழுவுக்குத் தரும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும்.